உள்ளது கொண்டு இல்லம் புனைதல்

மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சி மனிதன் ஒதுங்கிய இடம் குடில் ஆயிற்று. அன்பு கொண்டு தங்கிய இடம் இல்லம் ஆயிற்று. சுவரும் கூரையும் கூடினால் கட்டடம் எழும்; அக்கட்டடம் இல்லம் ஆவதற்கு, அங்கு வாழ்வோரின் கையும் கருத்தும் அதில் படிதல் வேண்டும். விலையுயர்ந்த பொருள்கள் நிறைந்த வீடு வாணிகக் கடையைப் போலத் தோன்றுதலும் உண்டு. நான்கே பொருள்கள் உள்ள வீடு தூய கோயிலைப் போலத் துலங்குதலும் உண்டு. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் பொருளின் மிகுதியும் குறைவும் அல்ல. பொருளை ஆளும் திறனே ஆகும்.

காலம் செல்லச் செல்ல எவ்வில்லமும் களை குன்றும். சுண்ணம் தீற்றிய சுவர் மங்கும். நாற்காலியின் கால் ஆடும். சாளரத் திரை வெளுக்கும். நாள்தோறும் கண்டு பழகிய பொருள்கள் கண்ணுக்கு அலுப்பை விளைக்கும். அப்பொழுது இல்லத்தைப் புதுக்க வேண்டும் என்னும் அவா எழுதல் இயல்பே. அவ்வவா குற்றம் உடையது அன்று. புதுக்குதல் என்றால் புதியன வாங்குதல் என்று பொருள் கொள்வதே பிழை. அண்டை வீட்டார் வாங்கினர் என்பதற்காகத் தவணைக் கடன் பெற்று மெத்தை நாற்காலி வாங்கிய வீட்டில், அந்நாற்காலியின் பளபளப்பு மங்கும் முன்னரே வீட்டாரின் முகப்பொலிவு மங்கிவிடுவதைப் பல ஊர்களிலும் காணலாம். வரவு சிறிதாயினும் செலவு அதனை விஞ்சாதிருக்குமாயின் கேடு இல்லை என்னும் கருத்தை வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் வைத்துக் கூறினார். அரசனுக்குச் சொல்லிய அவ்வுண்மை அடுக்களைக்கும் பொருந்தும்.

பழையவற்றைத் தள்ளிப் புதியவற்றைக் கொள்ளுதல் நூலோர் உடன்பட்ட நெறியன்றோ என்று சிலர் வினவுவர். அவர் நன்னூலை மனத்திற் கொண்டு அங்ஙனம் வினவுகின்றனர். பழையவை நீங்குதலும் புதியவை வந்து சேர்தலும் குற்றமாகா என்று பவணந்தி முனிவர் அந்நூலில் விதி வகுத்தது உண்மையே. ஆயினும் அவ்விதி மொழி வழக்குப் பற்றியது. முற்றத்துப் பொருள்களைத் தெருவில் எறிவதற்குத் தந்த உரிமைச் சீட்டு அன்று.

மொழியிலேயும் புதுமை எவ்வாறு பிறக்கின்றது என்று நோக்குதல் வேண்டும். 'மின்' என்பது பழஞ்சொல். 'விசிறி' என்பதும் பழஞ்சொல். இரண்டையும் இணைத்தபொழுது 'மின்விசிறி' என்னும் புதுச்சொல் பிறந்தது. 'தொலை' என்பதும் 'பேசு' என்பதும் நெடுநாளாக வழங்கியவை. அவை கூடித் 'தொலைபேசி' ஆயின. புதிய பொருள்கள் வந்தபொழுது தமிழ் தன் பழம்பெட்டியைத் திறந்து, அதனுள் இருந்த வேர்களையே எடுத்துப் புதிய கோலம் புனைந்தது. அறிவுடைய இல்லத்தார் செய்ய வேண்டுவதும் அதுவே.

தமிழகத்தில் பொங்கலுக்கு முந்திய நாளாகிய போகியன்று வீட்டைத் துப்புரவு செய்து பழையனவற்றைத் தீயிலிடுதல் வழக்கம். உளுத்த கூரையோலை, மக்கிய பாய், தேய்ந்த துடைப்பம் ஆகியவையே வீட்டுக் குப்பையாக இருந்த காலத்தில் அவ்வழக்கத்தால் பெருந்தீங்கு நேரவில்லை. டயரும் பிளாஸ்டிக் பொருள்களும் அத்தீயில் விழத் தொடங்கிய பின்னர் நிலை மாறிற்று. 2018ஆம் ஆண்டுப் போகியன்று சென்னையில் பனியோடு புகையும் கலந்து பார்வையை மறைத்தமையால் விமானப் போக்குவரத்தும் தடைப்பட்டது.

புகையினும் பெரிய கேடு ஒன்று உண்டு. பொருளின் அருமை அறியாது அதனை அழித்தல் அக்கேடாகும். பழந்தமிழ் நூல்களைத் தேடி ஊர் ஊராகச் சென்ற உ. வே. சாமிநாத ஐயர், கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏடுகள் பல இருந்தன என்று கேள்வியுற்று ஆவலோடு சென்றார். சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டனர் என்னும் செய்தியே அவருக்குக் கிடைத்தது. எரித்தவர் தீயவர் அல்லர். பழையவை பயனற்றவை என்று எண்ணியவர். அவ்வெண்ணத்தால் தமிழ் இழந்த நூல்கள் எத்துணை என்று கணக்கிட இனி எவராலும் இயலாது. ஆதலின் ஒரு பொருளைக் கழிப்பதற்கு முன் அதனை ஒருமுறை கையில் எடுத்து நோக்குதல் கடமையாகும்.

இருக்கும் பொருள்களைக் கொண்டே இல்லத்தைப் பொலிவுறச் செய்யும் பணியில் நான்கு படிகள் உள்ளன. முதலாவது, உள்ளவற்றை எண்ணுதல். இரண்டாவது, இடம் மாற்றுதல். மூன்றாவது, பழுது நீக்குதல். நான்காவது, உருமாற்றிப் புதுப்பயன் கொள்ளுதல். இவற்றுள் முதல் இரண்டிற்கும் காசு வேண்டுவதில்லை. மூன்றாவதற்குச் சிறிது காசும், நான்காவதற்குச் சிறிது கற்பனையும் வேண்டும். முறை பிறழாது இந்நான்கையும் செய்தல் நலம். எண்ணாமல் இடம் மாற்றினால் குழப்பம் மிகும். பழுது நீக்காமல் உருமாற்றினால் உழைப்பு வீணாகும்.

இதனை விளக்க ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். அவ்வீட்டில் இரண்டே அறைகள். பத்தாம் வகுப்பில் பயிலும் பெண் ஒருத்தி இருக்கின்றாள். அவள் அமர்ந்து படிக்கத் தனியிடம் இல்லை. கூடத்தில் தம்பி விளையாடுவான். அடுக்களையில் புகை சூழும். இரவில் தரையில் குனிந்து எழுதி அவள் முதுகு வலிக்கும். மேசை வாங்கினால் அன்றோ பெண் படிப்பாள் என்று தந்தை கடன் கேட்கப் புறப்படுகின்றார். தாய் அவரைத் தடுத்து, "கடன் நாளைக்கு ஆகட்டும், இன்று வீட்டில் உள்ளவற்றை ஒருமுறை பார்த்துவிடுவோம்" என்கிறாள்.

அனைவரும் கூடிப் பொருள்களைக் கூடத்தில் பரப்புகின்றனர். பரணில் பாட்டியின் டிரங்குப் பெட்டி இருக்கின்றது. கொல்லையில் பழைய ஒற்றைக் கதவு சாய்ந்து கிடக்கின்றது. பொறி கெட்டுப்போன தையல் இயந்திரத்தின் இரும்புக் கால்கள் துருவேறி மூலையில் நிற்கின்றன. இவ்வளவும் தம் வீட்டில் இருந்தன என்பதை அவர்கள் அன்றுதான் அறிகின்றனர். எண்ணுதல் என்னும் முதற்படியின் பயன் இதுவே. உடைமையை மறந்தவன் வறியவன் ஆகின்றான். அதனை நினைந்தவன் செல்வன் ஆகின்றான்.

அடுத்து இடமாற்றம். கிழக்குச் சாளரத்தை மறைத்துக்கொண்டு நெடிய இரும்புப் பீரோ ஒன்று நிற்கின்றது. அதனை ஒளி புகாத எதிர்மூலைக்கு நகர்த்தியவுடன் அறை முழுவதும் காலை ஒளி பரவுகின்றது. பீரோவைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரற்கடை இடைவெளி விட்டு நிறுத்துகின்றனர். அவ்விடைவெளியில் காற்று உலவுவதால் சுவரின் ஈரம் பீரோவைத் துருப்பிடிக்கச் செய்வது குறையும். நிலைக்கண்ணாடியைச் சாளரத்திற்கு எதிர்ச்சுவரில் மாட்டுகின்றனர். கண்ணாடி தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்பும் இயல்புடையது. ஆகலின் இருண்ட மூலையும் தெளிவு பெறுகின்றது. நேர்வெயில் படும் இடத்தில் மாட்டினால் அது கண்ணைக் கூசச் செய்யும் என்பதையும் அவர்கள் கருத்திற் கொள்கின்றனர்.

கொல்லைக் கதவைக் கழுவி உலர்த்தி, மணல்தாளால் தேய்த்து, தையல் இயந்திரத்தின் இரும்புக் கால்களின்மேல் பொருத்துகின்றனர். உறுதியான மேசை ஒன்று அமைந்துவிடுகின்றது. வலக்கையால் எழுதுவோர்க்கு ஒளி இடப்புறத்திலிருந்து வருதல் வேண்டும். இல்லையேல் கையின் நிழல் எழுத்தின்மேல் விழும். அதற்கேற்பச் சாளரம் பெண்ணின் இடப்பக்கம் அமையுமாறு மேசை இடப்படுகின்றது. பாட்டியின் பெட்டியின்மேல் பழைய போர்வையை மடித்து விரித்தால் அதுவே இருக்கை. உள்ளே அவள் நூல்கள். தந்தை அன்று வெளியே செல்லவில்லை. கடன் பத்திரத்தில் விழ இருந்த கையெழுத்து விழாமற் போயிற்று. மறுநாட் காலையில் அப்பெண் தன் மேசையில் அமர்ந்து எழுதினாள். புதிய பொருள் ஒன்றும் வீட்டிற்குள் வரவில்லை. ஆயினும் வீடு புதிதாயிற்று.

இனித் துணியின் திறத்தை ஆராய்வோம். இல்லத்தில் மிகுதியாகச் சேர்வதும், எளிதிற் பயன் மாற்றத் தக்கதும் துணியே. பலமுறை துவைத்த பருத்திப் புடைவை மென்மை மிக்கது. அது பற்றியே குழந்தைக்குத் தூளி கட்டுவோர் பழம்புடைவையைத் தேடுவர். ஒரு புடைவை ஏறத்தாழ ஐந்தரை மீட்டர், அதாவது பதினெட்டு அடி நீளம் உடையது. நான்கடி உயரமுள்ள சாளரத்திற்கு மடிப்புத் தையலுக்கும் சேர்த்து நாலரை அடித் துண்டு போதும். எனவே, ஒரு புடைவையில் நான்கு துண்டுகள் கிடைக்கும். சாளரம் ஒன்றுக்கு இரண்டாக, இரண்டு சாளரங்களுக்குத் திரைகள் ஆகும். புடைவையின் கரை நீளவாட்டில் ஓடுவதால், துண்டாக்கியபின் அது ஒவ்வொரு திரைக்கும் இருபுறமும் விளிம்பாக நின்று அழகு செய்யும். எஞ்சிய நறுக்குகள் தலையணை உறைக்கு அணியாகும். அதற்கும் ஆகாதவை கைப்பிடித் துணியாகும்.

வங்காளத்துப் பெண்டிர் இக்கலையில் தேர்ந்தவர். அவர்கள் பழைய புடைவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நெருங்கிய ஓட்டுத் தையலால் பிணைத்துப் போர்வை செய்வர். தையலுக்கு வேண்டிய வண்ண நூலையும் புடைவைக் கரையிலிருந்தே உருவி எடுத்தல் பழைய முறை. அப்போர்வையின்மேல் தாமரை, மீன், யானை, தேர் ஆகிய உருவங்கள் மலரும். 'காந்தா' என்பது அதன் பெயர். தமிழில் வழங்கும் 'கந்தை' என்னும் சொல்லும் அதனோடு உறவுடையது. கந்தையையும் கசக்கிக் கட்ட வேண்டும் என்பது தமிழர் பழமொழி. கந்தையையும் கலையாக்கிப் போர்த்த வேண்டும் என்பது வங்கப் பெண்டிரின் வழக்கம். குருசதய தத்தர் (1882–1941) என்னும் அறிஞர், அரசு அலுவலராக வங்கச் சிற்றூர்களில் பணியாற்றிய காலத்தில், இத்தகைய போர்வைகளைத் தேடித் தொகுத்து அவற்றின் பெருமையை உலகறியச் செய்தார்.

வறுமையும் குளிரும் சேர்ந்து இக்கலையை வளர்த்த நாடு ஜப்பான். அந்நாட்டின் வடபகுதி குளிர் மிகுந்தது. ஆங்குப் பருத்தி விளையாது. உழவர் சணல் போன்ற நாரினால் ஆகிய ஆடையை உடுத்தனர். கையிற் கிடைத்த பருத்தித் துண்டுகளை அதன்மேல் ஒட்டாக வைத்துத் தைத்தனர். தந்தையின் ஆடை மகனுக்கும், மகனின் ஆடை பேரனுக்கும் சென்றது. ஒவ்வொரு தலைமுறையும் தன் ஒட்டைச் சேர்த்தது. வறுமையின் அடையாளமாகக் கருதி மறைக்கப்பட்ட அவ்வாடைகள் இன்று அருங்காட்சியகங்களில் பேணப்படுகின்றன. அந்நாட்டார் உடைந்த பீங்கான் கிண்ணத்தையும் எறிவதில்லை. ஒருவகை மரப்பாலால் துண்டுகளை ஒட்டி, ஒட்டிய கோட்டின்மேல் பொற்பொடி தூவும் கலை அவர்களிடம் உண்டு. விரிசலை மறைத்தல் அதன் நோக்கம் அன்று. உடைந்த வரலாற்றையே அணியாக்குதல் அதன் நோக்கம்.

செல்வ நாடுகளும் இடுக்கண் வந்தபொழுது இந்நெறியை நாடின. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் துணிப் பங்கீடு 1941இல் தொடங்கி 1949 வரை நீடித்தது. உள்ளதைக் கொண்டு ஒப்பேற்றவும் கிழிந்ததைச் செப்பனிடவும் வழி கூறும் கையேடு ஒன்றை அந்நாட்டு அரசு 1943இல் வெளியிட்டது. அக்காலத்து இல்லத்தரசியர் கையாண்ட முறை ஒன்று அறிதற்குரியது. படுக்கை விரிப்பு நடுவில் தேயும், ஓரங்கள் தேயா. எனவே, விரிப்பை நடுவே நீளவாட்டில் வெட்டி, உறுதியான இரு ஓரங்களையும் நடுவில் சேர்த்துத் தைத்து, தேய்ந்த பகுதியை ஓரமாக்கினர். விரிப்பின் வாழ்நாள் மேலும் நீண்டது. இம்முறையைத் தையலறிந்த எவரும் இன்றும் செய்யலாம். நடுவில் நைந்த கோரைப்பாயின் ஓரப்பகுதியையும் இவ்வாறே வெட்டி, துணிக்கரை இட்டுச் சிறு தடுக்குகளாக்கிக் கொள்ளலாம்.

மரம், கல், மண், உலோகம் ஆகியவற்றாலான பழம்பொருள்களும் புதுப்பயன் தருவன. மின்சாரத்தால் இயங்கும் அரைக்கும் பொறி வந்தபின் ஆட்டுக்கல்லும் உரலும் பல வீடுகளில் ஓய்வு பெற்றன. வாயிலருகே வைத்து உரற்குழியில் நீர் நிரப்பிப் பூக்களை மிதக்க விட்டால் அது வரவேற்புக் கலமாகும். கொல்லையில் வைத்தால் கோடையில் பறவைகளுக்கு நீர்த்தொட்டியாகும். ஒரு பக்கம் உடைந்த மண்பானை பூஞ்செடிக்கு உறைவிடம். உடைந்த ஓட்டுச் சில்லும் வீணன்று; தொட்டியின் அடித்துளையின்மேல் அதனைக் கவிழ்த்து வைத்தால் மண் ஒழுகாமல் நீர் மட்டும் வடியும். படி ஒன்று முறிந்த மர ஏணியைச் சுவரிற் சாய்த்துப் பிணைத்தால் துணி உலர்த்தும் சட்டமாகும். பனையோலைப் பெட்டி தையற்பொருள்களுக்குக் களஞ்சியம். சொளகு சுவரில் வண்ணக் கோலத்திற்கு ஏற்ற தட்டு. தேங்காய்ச் சிரட்டை எழுதுகோல் தாங்கும் கிண்ணம்.

சுவரின் மங்கலைப் போக்கச் சுண்ணாம்பே போதும். நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசியபின், அது காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கவர்ந்து இறுகிச் சுண்ணக்கல்லின் தன்மையை அடைகின்றது. வெண்ணிறம் தன்மேல் விழும் ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பி விடுவதால், விளக்கின் எண்ணிக்கையைக் கூட்டாமலே அறையின் ஒளி கூடும்.

காரைக்குடியில் முனீசுவரன் கோயில் தெருவிற்குச் செல்வோர் ஓர் அரிய பாடம் பெறுவர். செட்டிநாட்டுப் பழைய வீடுகளிலிருந்து வெளிவந்த கதவுகள், தூண்கள், பித்தளைப் பாத்திரங்கள், எனாமல் கலங்கள் ஆகியவை அங்குள்ள கடைகளில் விற்கப்படுகின்றன. அவ்வீடுகளை எழுப்பிய வணிகர் பர்மாத் தேக்கைக் கடல்கடந்து கொணர்ந்து அவற்றைச் செய்வித்தனர். ஒரு வீட்டார் இடத்தை அடைக்கின்றது என்று கழித்த கதவை, மற்றொருவர் பெருவிலை கொடுத்து வாங்கித் தம் கூடத்தில் அணியாக நிறுத்துகின்றார். பொருள் மாறவில்லை; நோக்கும் கண்ணே மாறிற்று.

இக்கண்ணோட்டத்தால் பெரும்பணி செய்தோர் இருவர் நினைவுகூரத் தக்கவர். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) இடித்த வீடுகளின் கதவுகளையும் பழைய ஓடுகளையும் புதிய வீடுகளில் பயன்படுத்தினார். வெற்றுக் கண்ணாடிப் புட்டிகளைச் சுவரிற் பதித்து, அவற்றின் வழியே வண்ண ஒளி உள்ளே வருமாறு செய்தார். கான்கிரீட்டுத் தளத்தில் மேற்பகுதி அமுக்கத்தைத் தாங்கும்; கீழ்ப்பகுதியில் ஏற்படும் இழுப்பை உள்ளே உள்ள இரும்புக் கம்பிகளே தாங்கும். ஆதலின் கீழ்ப்பகுதிக் கான்கிரீட்டில் ஒரு பங்கிற்கு மாற்றாகப் பழைய ஓடுகளை வைத்தார். செலவு குறைந்தது, அண்ணாந்து நோக்குவோர்க்கு ஓட்டின் கோலமும் புலப்பட்டது.

மற்றொருவர் நேக் சந்த் (1924–2015). நாட்டுப் பிரிவினையால் பிறந்த ஊரை இழந்து வந்த அவர், சண்டிகரில் சாலை ஆய்வாளராகப் பணியாற்றினார். அப்புதுநகரை எழுப்புவதற்காகப் பழஞ்சிற்றூர்கள் பல அகற்றப்பட்டன. அங்குச் சிதறிக் கிடந்த உடைந்த பீங்கான், வளையல் துண்டு, ஓட்டுச் சில்லு ஆகியவற்றை அவர் பணிநேரம் முடிந்தபின் தம் மிதிவண்டியில் ஏற்றிச் சென்றார். காட்டின் நடுவே பிறர் அறியாவண்ணம் பல்லாண்டுகள் உழைத்து, அவற்றால் மனித உருவங்களையும் விலங்குகளையும் படைத்தார். அதிகாரிகள் கண்டபொழுது அது சட்டத்திற்கு மாறானதென்று அழிக்கவும் எண்ணினர்; மக்கள் போற்றியமையால் அது தப்பியது. 1976இல் அப்பாறைப் பூங்கா பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஊர் எறிந்த குப்பை ஊருக்கே பெருமையாயிற்று.

இப்பணியில் விழிப்பும் இன்றியமையாதது. உரலிலும் தொட்டியிலும் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையேனும் கொட்டித் தேய்த்துக் கழுவி நிரப்புதல் வேண்டும். இல்லையேல் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு அங்கு முட்டையிட்டுப் பெருகும். பூச்சிமருந்து இருந்த கலத்தை எவ்வளவு கழுவினாலும் வீட்டுப் பயனுக்குக் கொள்ளலாகாது. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருத்தல் கூடும். இந்தியாவில் வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவைப் பத்து இலட்சத்தில் 90 பங்கிற்கு மேற்படாமல் வரையறுக்கும் விதி 2016இல் வகுக்கப்பட்டு, 2017இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சுடைய கதவை உலர்ந்த நிலையில் தேய்த்தால் ஈயப்பொடி பறக்கும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குத் தீங்கு செய்யும். அத்தகைய பூச்சைத் தேய்க்காது, அதன்மேலேயே புதுப்பூச்சு இடுதல் நன்று. கறையான் அரித்த மரத்தையும், உறை கிழிந்த மின்கம்பியையும் உருமாற்ற முயலுதல் கூடாது.

சேமித்தல் வேறு, குவித்தல் வேறு. என்றேனும் பயன்படும் என்று எண்ணி எல்லாவற்றையும் பரணில் அடைப்பவன் சிக்கனம் உடையவன் அல்லன். எலிக்கும் பூச்சிக்கும் இடம் கொடுப்பவனே ஆவான். ஒரு பொருளைக் கையில் எடுத்தவுடன் மூன்று வினாக்கள் கேட்டல் வேண்டும். இஃது இன்று இவ்வீட்டில் பயன்படுமா? பழுது நீக்கினால் பயன்படுமா? இங்கு இல்லையேல் வேறு எவர்க்கேனும் பயன்படுமா? முதல் வினாவிற்கு ஆம் என்பது விடையாயின், அதற்கு உரிய இடம் தருக. இரண்டாவதற்கு ஆம் எனின், அவ்வாரமே பழுது நீக்குக. மூன்றாவதற்கு ஆம் எனின், தூய்மை செய்து மகிழ்வோடு கொடுக்க. மூன்றிற்கும் இல்லை என்பதே விடையாயின், அதனை எரிக்காது, பழம்பொருள் வாங்குவோரிடம் சேர்க்க.

இவ்வாறு புதுக்கிய இல்லத்திற்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. கடையில் வாங்கிய பொருள் விலையைச் சொல்லும். வீட்டில் உருமாறிய பொருள் கதையைச் சொல்லும். அன்னையின் மணப்புடைவை சாளரத்தில் அசையும். பாட்டனார் இழைத்த கதவின்மேல் பேரப்பெண் கணக்குப் போடுவாள். ஒரு தலைமுறையின் உழைப்பு மற்றொரு தலைமுறையின் கையில் மீண்டும் உயிர்பெறும். அதனோடு, ஒரு புதுமேசைக்காக வெட்டப்பட இருந்த மரம் காட்டிலே நின்று நிழல் தரும்.

ஆதலின் மாணவரும் மாணவியரும் வரும் விடுமுறை நாளில் தம் இல்லத்தை ஒருமுறை புதுக்கண்ணோடு நோக்குவாராக. பெற்றோரின் இசைவு பெற்று, ஒரு மூலையையேனும் உள்ளது கொண்டு ஒழுங்கு செய்வாராக. ஊசியில் நூல் கோத்தலும், ஆணியை நேராக அடித்தலும், பொருளை உரிய இடத்தில் வைத்தலும் ஆண் பெண் இருபாலார்க்கும் வேண்டிய கல்வியே. பழுது கண்டவுடன் எறியக் கற்ற கை நாளடைவில் எளியோரையும் முதியோரையும் எறியத் துணியும். பழுதை நீக்கிப் பயன்காணப் பழகிய கையோ, பொருளைப் போற்றுவதோடு மனிதரையும் போற்றும்.